ஆண்டவர் பேசினாரா, நானாக நினைத்துக்கொண்டேனா? கேட்கவும் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழிகாட்டி

சாட்சி நேரத்தில் யாராவது எழுந்து, "நேற்று ராத்திரி ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சொன்னால் சபை உடனே "ஆமென்" சொல்லிவிடும். எரேமியா 42ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அங்கே கொஞ்சம் தயக்கம் வரும். எருசலேம் விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, "நாங்கள் எங்கே போகவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும்" என்று கெஞ்சுகிறார்கள். பாபிலோன் ராஜா பழிவாங்க வருவான் என்று எல்லாருக்கும் பயம். எரேமியாவோ சுமார் 40 வருஷம் தீர்க்கதரிசன ஊழியம் செய்தவர். அப்படிப்பட்டவருக்கே பதில் வர 10 நாள் ஆயிற்று. ஜனங்கள் அவசரப்பட்டார்களே என்று, தன் மனதில் பட்டதைக் கர்த்தர் பேரில் அவர் சொல்லிவிடவில்லை.

நம் கூட்டங்களில் "எப்படிக் கேட்பது" என்று நிறையப் போதிக்கிறார்கள். "கேட்டது அவர் சத்தம்தானா" என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. வேதம் இரண்டையும் சேர்த்தே வைக்கிறது: "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று எழுதின பவுல், அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5). இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த இரண்டாம் வரியைப் பற்றியதுதான்.

முதலில்: எங்கே நிற்கிறோம்

பெந்தெகொஸ்தே சபைகளில் தீர்க்கதரிசனம், சொப்பனம், அந்நியபாஷை எல்லாம் இன்றைக்கும் உண்டு. சீர்திருத்த மரபில் வந்த சில சபைகளோ, வேதம் முழுமையானதோடு அந்த வரங்கள் நின்றுவிட்டன என்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை தனி வெளிப்பாடுகள் நடக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் கிறிஸ்துவில் முடிந்த வெளிப்பாட்டோடு அவை எதையும் சேர்க்க முடியாது என்கிறது. இந்தச் சண்டையை இங்கே தீர்க்கப் போவதில்லை. எல்லாரும் ஒன்றாக நிற்க ஓர் இடம் இருக்கிறது. எபிரெயர் நிருபத்தின் தொடக்கம்: முன்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" பேசின தேவன், இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்ப் பேசினார்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவையின் புனித யோவான் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு கடுமையாகவே எழுதினார். தேவன் தம் ஒரே வார்த்தையான குமாரனைக் கொடுத்தபோதே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். இனியும் புதுத் தரிசனம் கேட்டு நச்சரிப்பவன் கிறிஸ்துவின்மேல் கண்ணை வைக்கவில்லை என்று அர்த்தம் என்றார். அவரே ஆழமான ஜெப அனுபவம் உள்ளவர் என்பதால் இதற்குக் கனம் கூடுகிறது. ஆகவே, இன்றைக்கு உங்களுக்கு எது கேட்டாலும், இயேசு எப்படிப்பட்டவர் என்று சுவிசேஷங்கள் காட்டுகின்றனவோ, அதோடு அது பொருந்தவேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: கேள்வியை எழுதுங்கள், முடிவைக் கீழே வையுங்கள்

"ஆண்டவரே, பேசும்" என்று பொதுவாக ஜெபிப்பதைவிட, எதற்குப் பதில் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்வது நல்லது. துபாய் வேலைக்குப் போகலாமா? இந்த வரனுக்குச் சரி சொல்லலாமா? அப்பாவோடு உள்ள சொத்துச் சண்டையை விட்டுவிடலாமா?

அதற்குக் கீழே இன்னொன்றையும் எழுதுங்கள்: "இதற்கு 'வேண்டாம்' என்று வந்தால் ஏற்றுக்கொள்வேனா?" எரேமியா 42இல் ஜனங்கள், நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்று சத்தியமே செய்தார்கள். பத்தாம் நாள், "எகிப்துக்குப் போகாதேயுங்கள்" என்று பதில் வந்ததும் "நீ பொய் சொல்லுகிறாய்" என்றார்கள். அவர்கள் ஏற்கெனவே மூட்டை கட்டியாயிற்று. வேண்டியிருந்தது கையெழுத்து மட்டும்தான். நாமும் பல நேரம் முடிவெடுத்துவிட்டுத்தான் முழங்காலில் நிற்கிறோம். அது உங்கள் நிலை என்றால், முதல் வாரத்து ஜெபம் "வழி காட்டும்" என்பதாக இருக்கவேண்டாம். "இந்த ஆசையைக் கீழே வைக்க உதவும்" என்பதே போதும்.

படி 2: வசனத்தைத் தேடாதீர்கள், பகுதியை வாசியுங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்பது நமக்கு நல்ல பழக்கம்தான். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அட்டையில் இருப்பது ஒரு கடிதத்தின் ஒரு வரி. அதிகம் அச்சாகும் வரியையே எடுத்துக்கொள்வோம். எரேமியா 29:11: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்."

இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வரியில் 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தின் தொடக்கத்திலோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று இருக்கிறது. அதாவது, வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே செத்துப்போவார்கள். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்திலேயே, எல்லார் முன்னிலையிலும், "கர்த்தர் சொல்லுகிறார்" என்று அடித்துச் சொன்னார். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் உடைத்துப்போட்டார். ஜனங்களுக்கு எது இனித்திருக்கும்? இரண்டு வருஷம்தான். அட்டையில் அந்த வசனம் வந்தால் வீசிவிட வேண்டியதில்லை. 28, 29 இரண்டு அதிகாரத்தையும் உட்கார்ந்து படியுங்கள். சீக்கிரம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை என்பது தெரியும்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கி.பி. 386இல் மிலானில் அகுஸ்தீனுக்கு அப்படி நடந்தது உண்மை. "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டு, புத்தகத்தைத் திறந்து, ரோமர் 13இல் கண்ணில் பட்டதை வாசித்தார், வாழ்க்கை மாறிற்று. ஆனால் அந்த நிமிஷத்துக்கு முன்னால் பல வருஷப் போராட்டம் இருந்தது. அவருக்குக் கிடைத்த வசனமும் அவருக்கு வசதியானது அல்ல.

சரி, எப்படி வாசிப்பது? பழைய துறவு மடங்களில் வளர்ந்த ஒரு முறை இன்றைக்கும் எல்லாச் சபையினருக்கும் உதவும். லெக்சியோ தெவினா என்பது அதன் லத்தீன் பெயர். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் குய்கோ அதை நான்கு படிகள் உள்ள ஏணியாக எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியில் தங்குதல். மாற்கு 10:46 முதல் 52 வரை எடுத்துச் செய்து பார்ப்போம். பர்திமேயு என்ற குருடனின் கதை. 20 நிமிஷம் போதும்.

முதல் தடவை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது எந்தச் சொல்லில் மனம் நிற்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு "அநேகர் அவனை அதட்டினார்கள்" என்பதில் நிற்கும். இன்னொருவருக்கு "தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு" என்பதில். அந்த வஸ்திரத்தில் நின்றால் அங்கேயே இருங்கள். வழியருகே உட்கார்ந்து பிச்சையெடுத்தவனுக்கு அதைவிட என்ன சொத்து இருந்திருக்கும்? ராத்திரிக் குளிருக்கு அதுதான் போர்வை. இன்னும் பார்வை வரவில்லை. எறிந்ததைத் தேடி எடுக்கவும் முடியாது. கூப்பிட்டதும் எறிந்துவிட்டான். இது தியானம்.

அப்புறம் ஜெபம்: நான் எதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? இயேசு அவனிடம் கேட்ட கேள்வியும் அங்கேயே இருக்கிறது, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று. அதற்கு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். படி 1இல் எழுதின வரிதானா, வேறா என்று பாருங்கள். பல நேரம் வேறாக இருக்கும். கடைசியாக, பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள்.

படி 3: சும்மா இருக்கப் பழகுங்கள்

போனை அடுத்த அறையில் வையுங்கள். வேத ஆப் போனில்தான் இருக்கிறது என்றால் அச்சுப் புத்தகம் வாங்குங்கள்.

ஓரேபில் எலியாவுக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை. அக்கினிக்குப்பின் "அமர்ந்த மெல்லிய சத்தம்" வந்தது. இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதற்கு முன் நடந்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்தவரிடம் தூதன் சொன்னது, எழுந்து சாப்பிடு என்பதுதான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், திரும்பத் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. தூக்கமில்லாமல், உபவாசம் மேல் உபவாசமாய் உடம்பை வாட்டிக்கொண்டு "இப்போது கேட்கிறது" என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

சாமுவேலும் முதல் மூன்று தடவை ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடினான். கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை, நாலாம் தடவையும் வந்து கூப்பிட்டார். தவறவிட்டால் போயிற்று என்ற பதற்றம் தேவையில்லை.

படி 4: வந்ததை எழுதி, பின்சுவையைப் பாருங்கள்

தேதி போட்டு, வந்த எண்ணத்தை அப்படியே எழுதுங்கள். "கர்த்தர் சொன்னார்" என்று எழுதாதீர்கள். "எனக்கு இப்படித் தோன்றிற்று" என்று எழுதுங்கள். பிறகு சில நாள் கழித்து, அதை நினைக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள்.

இது இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வந்த பழக்கம். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. லொயோலாவில் வீட்டோடு படுத்துக் கிடந்தபோது வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுமே கிடைத்தன. ஒரு சீமாட்டிக்காக வீரச்செயல் புரிவதாகக் கனவு காணும்போது இனித்தது, முடிந்தபின் வறட்சி. பிரான்சிஸையும் தோமினிக்கையும் போல வாழ்வதாக நினைத்தபோதும் இனித்தது, அந்த மகிழ்ச்சி பிறகும் நின்றது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் ஆவிகளைப் பகுத்தறியும் அவருடைய விதிகள் பிறந்தன. 1548இல் அச்சான ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் அவை இருக்கின்றன.

படி 5: சோதியுங்கள்

"எனக்குள்ளே ஒரு சமாதானம் இருக்கு, அதனால் இது கர்த்தர்தான்." "கதவு தானாகத் திறந்தது, அதனால் இது கர்த்தர்தான்." நம்மிடையே அதிகம் புழங்கும் இரண்டு அளவுகோல் இவை. இரண்டுக்கும் யோனாவைக் கூப்பிடலாம். யோப்பாவுக்குப் போனார், தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குக் காசும் இருந்தது. கதவு நன்றாகவே திறந்திருந்தது. கப்பலின் கீழ்த்தட்டில், புயலுக்கு நடுவே அயர்ந்து தூங்கினார். அவ்வளவு சமாதானம். கர்த்தருக்கு நேர் எதிராக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இத்தனையும். மறுபக்கம் கெத்செமனேயில், பிதாவின் சித்தத்துக்குச் சரியாகக் கீழ்ப்படிந்தவரின் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகள் போல விழுந்தது.

சமாதானமும் சூழ்நிலையும் சாட்சிகளாக வரலாம். தனியாக வந்தால் தீர்ப்புக்குப் போதாது. இன்னும் சில கேள்விகள் கேளுங்கள்.

வேதத்துக்கு எதிரானதா? மனைவியை விட்டுவிடச் சொன்னாலோ, பொய்க்கணக்கு எழுதச் சொன்னாலோ விசாரணையே வேண்டாம். ஆனால் வசனம் கூட வந்தது என்பதும் போதாது. தேவாலயத்து உப்பரிகையில் சாத்தான் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான்.

அவசரப்படுத்துகிறதா? இன்றைக்கே, இப்போதே, யாரிடமும் சொல்லாமல் என்று விரட்டும் குரலைச் சந்தேகியுங்கள். மேலிருந்து வரும் ஞானம் சுத்தமும் சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது என்று யாக்கோபு எழுதுகிறார்.

யாருக்கு லாபம்? இது எனக்குப் பிடித்த கேள்வி. சாமுவேல் சிறுவனாகக் கேட்ட முதல் செய்தி, தன்னை வளர்த்த ஏலியின் குடும்பத்துக்கு வரும் நியாயத்தீர்ப்பு. சொல்லவே பயந்தான். அதில் அவனுக்கு ஒரு பைசா ஆதாயமில்லை. கேட்கும் சத்தமெல்லாம் உங்களை உயர்த்தி, உங்களோடு ஒத்துப்போகாதவர்களைத் தாழ்த்துகிறது என்றால் அது உங்கள் குரலாகவே இருக்கலாம்.

வேறொரு வகையையும் சொல்லவேண்டும். உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல், நாட்கணக்கில் தூக்கமில்லாமல் ஓயாது கட்டளையிடும் குரல், எல்லாரும் எனக்கு எதிரி என்று நம்பவைக்கும் குரல்: இவற்றுக்கு உபவாசக் கூட்டம் மட்டும் போதாது, மனநல மருத்துவரிடம் போகவேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். வைத்தியராகிய லூக்காவைப் பவுல் பிரியமானவன் என்றுதான் எழுதினார்.

படி 6: "இல்லை" என்று சொல்லக்கூடியவரிடம் கொண்டுபோங்கள்

1946 செப்டம்பர் 10. கல்கத்தா லொரேட்டோ கன்னியர் மடத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை டார்ஜிலிங் போகும் ரயிலில் இருக்கிறார். மடத்தை விட்டு ஏழைகளிலும் ஏழைகளிடம் போ என்ற அழைப்பு அவருக்குள் வருகிறது. அன்னை தெரேசா அடுத்த ஸ்டேஷனில் இறங்கிச் சேரிக்குப் போய்விடவில்லை. தன் ஆன்ம குருவிடம் சொன்னார். விஷயம் பேராயர் பெரியேயிடம் போயிற்று. அவர் அவசரப்படவே இல்லை. யோசித்தார், விசாரித்தார், காத்திருக்கச் சொன்னார். தெரேசா கடிதம் மேல் கடிதம் எழுதி வற்புறுத்தினார், ஆனால் மீறவில்லை. ரோமின் அனுமதியும் வந்து, நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் அவர் மடத்தை விட்டு வெளியேறினது 1948 ஆகஸ்டில். ஏறக்குறைய இரண்டு வருஷம். அழைப்பு உண்மையானதாக இருந்தால் அது காத்திருப்பதைத் தாங்கும்.

உங்களுக்குப் பேராயர் இல்லாமல் இருக்கலாம். இரண்டு மூன்று பேர் போதும். எப்போதும் தலையாட்டும் நண்பர் வேண்டாம். உங்கள் ஐயரோ பாஸ்டரோ ஒருவர், உங்கள் குடும்பநிலை தெரிந்த மூத்தவர் ஒருவர். "கர்த்தர் சொல்லிவிட்டார்" என்று தொடங்கினால் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறீர்கள். "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எருசலேம் சங்கத்தில் அப்போஸ்தலர்களே "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் மிகுந்த தர்க்கம் நடந்தது என்று லூக்கா மறைக்காமல் சொல்கிறார்.

படி 7: மற்றவர் உங்களுக்காகக் கேட்டு வந்தால்

1 இராஜாக்கள் 13ஐ ஒருமுறை படியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு, பெத்தேலில் அப்பம் சாப்பிடாதே என்று நேரடிக் கட்டளை. அங்கிருந்த கிழவனான தீர்க்கதரிசி வந்து, "நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் சொன்னான்" என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனார். நம்பிப் போனவரைத் திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. சொன்னவர் பெரியவர், ஊழியத்தில் மூத்தவர் என்பதெல்லாம் அன்றைக்கு உதவவில்லை.

ஆகவே, "இன்னாரைக் கல்யாணம் பண்ணச் சொல்கிறார்", "வீட்டை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கச் சொல்கிறார்" என்று யாராவது வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, படி 1இலிருந்து நீங்களே தொடங்குங்கள். சொல்பவருக்கே அதில் பணமோ பெண்ணோ பதவியோ கிடைக்கிறது என்றால் தொடங்கவும் வேண்டாம். தீர்க்கதரிசனம் சொல்லுகிறவன் "பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும்" உண்டாகப் பேசுகிறான் என்பது பவுலின் இலக்கணம். பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவது அதில் இல்லை.

சொல் சரியாயிருந்தும் அதன் விளக்கம் வேறாகலாம். அகபு என்ற தீர்க்கதரிசி, பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக் காட்டி, எருசலேமில் நடக்கப்போவதைச் சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுல் அதே சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

படி 8: கையில் இருப்பதைச் செய்யுங்கள்

அசிசியில் சான் தமியானோ என்ற இடிந்த கோயிலில், சிலுவையிலிருந்து "என் வீட்டைப் பழுதுபார்" என்ற குரல் பிரான்சிஸுக்குக் கேட்டது. அவர் அந்தக் கட்டடத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அப்பாவின் கடைத் துணியையும் குதிரையையும் விற்றுப் பணம் கொண்டுவந்தார். அந்தக் கோயில் குருவானவர் பணத்தை வாங்க மறுத்தார். அப்புறம் கல் சுமந்து தன் கையாலேயே கட்டினார். அந்த வார்த்தைக்குத் திருச்சபை அளவுக்கு விரிந்த பொருள் இருந்தது பின்னால்தான் புரிந்தது. பாதிதான் புரிந்திருந்தாலும், சோதித்துத் தேறின அந்தப் பாதியைச் செய்யத் தொடங்கலாம். அப்பாவின் துணியை விற்கவேண்டாம், அவ்வளவுதான்.

எரேமியாவுக்கும் அப்படி. காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தபோது, பெரியப்பன் மகன் அனாமெயேல் ஆனதோத்தில் உள்ள நிலத்தை விற்க வருவான் என்று ஒரு வார்த்தை வந்தது. சொன்னபடியே அவன் வந்து நின்றான். அதற்கப்புறம்தான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்று எழுதுகிறார். பிறகு 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துப் பத்திரம் எழுதினார்.

ஒன்றும் கேட்காவிட்டால்

ரயிலில் அவ்வளவு தெளிவாகக் கேட்ட அன்னை தெரேசாவுக்கு, வேலை தொடங்கினபின் பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டும் மௌனமும்தான். 2007இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சி. தினமும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார். கடைசியாகக் கேட்டது எதுவோ அதையே செய்துகொண்டிருந்தார். நீங்களும் படி 2ஐ விடாமல் செய்யுங்கள், கடைசியாகத் தெளிவாகத் தெரிந்ததைத் தொடருங்கள்.

கடைசி தேதி வந்துவிட்டது, இன்னும் பதில் இல்லை என்றால், வேதம் தடுக்காத வழிகளில் எது புத்திக்குச் சரியென்று படுகிறதோ, உங்கள் இரண்டு மூன்று பேரோடு பேசி முடிவெடுங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. கொரிந்து சபையில் கணவனை இழந்த பெண்கள் யாரை மறுமணம் செய்வது என்ற கேள்வி வந்தபோது, அடையாளம் கேட்டுக் காத்திருக்கும்படி பவுல் எழுதவில்லை. அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்கவேண்டும் என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அவளுடைய இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்.